குஞ்சப்பனை வளைவில் டவர் போனால் ஐந்து ஸ்டார் என்ன செய்யும்?

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் காலையில் இறங்கும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பையன் கேம் ஆடிக்கொண்டு வந்தான். கல்லூரிக்குப் போகிறவன். அரவேணு தாண்டும்வரை கட்டைவிரல் இரண்டும் ஓயவில்லை. குஞ்சப்பனைப் பக்கம் ஒரு வளைவில் திரை அப்படியே நின்றது. அவனுடைய ஆள் ஒரு சுவரைப் பார்த்து ஓடிக்கொண்டே இருந்தான். சுவரும் நகரவில்லை, அவனும் போய்ச் சேரவில்லை. “டவர் போயிருச்சுங்ணா” என்றான், நான் கேட்காமலே. கீழே இறங்கி டவர் வந்தபோது ஆள் செத்துக் கிடந்தான். அது போதாதென்று, ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போனதாகச் சொல்லி மதிப்பெண்ணையும் குறைத்திருந்தார்கள். “நான் எங்கீங்ணா விட்டுட்டுப் போனேன், பஸ்ஸுதான போச்சு.”

அந்த கேமுக்கு ஆப் கடையில் நாலு ஸ்டாருக்கு மேல். யூடியூபில் புகழ்ந்து தள்ளியிருக்கிறார்கள். கிராபிக்ஸ், துப்பாக்கிகளின் எண்ணிக்கை, புது மேப் எல்லாவற்றையும் பற்றிப் பேச்சு உண்டு. டவர் விட்டு விட்டு வரும் இடத்தில் இது எப்படி நடந்துகொள்ளும் என்று ஒருவரும் சொல்வதில்லை. மலையில் இருப்பவனுக்குத் தெரிய வேண்டிய முதல் சங்கதியே அதுதான். வைஃபை சுவருக்குள் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அந்தக் கேள்வியே எழாது.

கேம் விமர்சனம் என்ற பழக்கம் டிவியில் மாட்டி ஆடும் கன்சோல் கேம்களிலிருந்து வந்தது. அங்கே கேம் ஒரு முடிந்த பொருள். காசு கொடுத்து வாங்குகிறோம்; விமர்சகர் முன்கூட்டியே ஆடி முடித்துவிட்டுப் பத்துக்கு இத்தனை என்று போடுகிறார். மொபைல் கேம்களில் பெரும்பாலானவற்றுக்கு விலையும் கிடையாது, முடிவும் கிடையாது. முதல் வாரம் எல்லாமே தாராளமாகக் கிடைக்கும். விமர்சனம் எழுதப்படுவதும் அந்த முதல் வாரத்தில்தான். மூன்றாம் வாரத்தில் சாவி தீர்ந்து, சக்தி தீர்ந்து, “காத்திரு அல்லது காசு கொடு” என்ற பலகை வரும்போது விமர்சகர் அடுத்த கேமுக்குப் போயிருப்பார். புதிதாகத் திறந்த மெஸ்ஸில் முதல் நாள் சாப்பிட்டுவிட்டுப் பாராட்டி எழுதுவது போன்ற கதை இது.

இங்கே ஒரு உள்ளூர்ச் சமாச்சாரம். ஸ்னூக்கர் விளையாட்டு 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரியால் உருவானது என்பார்கள் (பின்னால் பிரிட்டிஷ் பிரதமரானவர் வேறு ஆள்). அதன் விதிகளை எழுத்தில் வடித்து 1882-ல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டினார்கள். சுவரில் மாட்டிய விதியை அடுத்த வாரம் யாரும் ரகசியமாக மாற்றிவிட முடியாது. இன்றைய மொபைல் கேமில் நாம் தூங்கி எழுவதற்குள் ஒரு அப்டேட் வந்து துப்பாக்கியின் பலம் குறைந்திருக்கும், கடையில் விலை ஏறியிருக்கும். மார்ச்சில் எழுதிய விமர்சனம் ஜூலையில் வேறொரு கேமைப் பற்றியதாகிவிடும். இணையத்தில் அது மட்டும் அழியாமல் நிற்கும்.

ஸ்டார் கணக்கையும் லேசாகச் சந்தேகிக்கலாம். “எங்களுக்கு ரேட்டிங் கொடுங்கள்” என்ற பெட்டி எப்போது எட்டிப் பார்க்கிறது என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஜெயித்தவுடன்தான். தோற்ற எரிச்சலில் இருக்கும்போது கேட்பவர் யார்? ஆப்பிள் போனில் ஒரு ஆப் வருடத்துக்கு மூன்று முறைக்கு மேல் இந்தப் பெட்டியைக் காட்ட முடியாது என்று கட்டுப்பாடு உண்டு. அந்த மூன்று முறை எந்த நேரம் என்பதைத் தேர்வு செய்வது கேம் செய்தவர்கள்தான்.

விமர்சகர் ஒரு பக்கம், ஆடுகிறவர் மறுபக்கம் என்று பிளவு வெளிச்சத்துக்கு வந்த சந்தர்ப்பம் 2022 ஜூனில் வந்த டயாப்ளோ இம்மார்ட்டல் என்ற கேம். கைக்கு அடக்கமாகச் செய்திருக்கிறார்கள், விரலுக்கு நன்றாகப் படிகிறது என்று விமர்சகர்கள் பலர் எழுதினார்கள். மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் ஆட்டக்காரர்கள் கொடுத்த மதிப்பெண் பத்துக்கு ஒன்றைக்கூடத் தொடவில்லை. காரணம், காசு கொட்டினால்தான் உச்சத்துக்குப் போக முடியும் என்ற அமைப்பு. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் அது வெளியாகவே இல்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் காசுக்குப் பெட்டி வாங்கும் முறையின் மேல் அந்த நாடுகளில் இருந்த கெடுபிடிதான் காரணம் என்று பேசப்பட்டது. இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஒருவர் முதல் இருபது மணி நேரத்தைப் பற்றிப் பேசினார், மற்றவர் அதற்குப் பின்னால் வந்ததைப் பற்றி.

நம் பையன்கள் உண்மையில் ஆடுவது டயாப்ளோ அல்ல. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடையானது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியது, 2022 ஜூலையில் மறுபடி ஆப் கடைகளிலிருந்து தூக்கப்பட்டது, 2023 மே மாதம் மீண்டும் வந்தது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடைப்பட்டியலில் சேர, அதன் அண்ணன் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் மட்டும் தப்பித்து நின்றது. பப்ஜியின் மலிவு நகல் என்ற அளவிலேயே ஃப்ரீ ஃபயர் பேசப்பட்டது. பொம்மை மாதிரி ஆட்கள், தட்டையான மரங்கள், அந்தக் குறையெல்லாம் உண்மைதான். ஆனால் பப்ஜியில் 100 பேர், ஒரு ஆட்டம் அரை மணி நேரம் இழுக்கும். ஃப்ரீ ஃபயரில் 50 பேர், பத்து நிமிடத்தில் சோலி முடிந்துவிடும். ரேம் குறைந்த, அப்பா ஆடி அலுத்துக் கொடுத்த போனிலும் ஓடும். எஸ்டேட் லைன் வீட்டில் ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்கு போடும் இடத்தில் பத்து நிமிட ஆட்டம் என்பது எவ்வளவு பெரிய சௌகரியம்! மரத்தின் இலை எத்தனை என்று எண்ணிப் பார்த்து மார்க் போட்டவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவில்லை.

டவர் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பிங் என்பது, “நான் இங்கே நிற்கிறேன்” என்று நம் போன் ஆட்டத்தை நடத்தும் சர்வருக்குச் சொல்லி, பதில் திரும்பி வர ஆகும் நேரம். 50 மில்லி செகண்டு என்றால் சுகம். 200-ஐத் தாண்டினால் சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் குண்டு படும். எதிராளியின் திரையில் நாம் இன்னும் வெளியே நின்றுகொண்டிருக்கிறோம். சர்வர் பெரும்பாலும் சுட்டவன் கண்ட காட்சியைத்தான் நம்பும். மலைச் சாலையில் ஒவ்வொரு வளைவிலும் போன் ஒரு டவரை விட்டு இன்னொன்றைப் பிடிக்கிறது, நடுவில் பாறை மறைக்கிறது. சிக்னல் தேய்ந்த இடத்தில் போன் தன் ரேடியோவை முழு பலத்தில் வைத்துக் கத்துவதால் சார்ஜும் தண்ணீராக இறங்கும். ஆட்டமும் போய், கீழே போனதும் வீட்டுக்கு ஒரு போன் போட சார்ஜும் இல்லாமல் போகும்.

கெஞ்சின் இம்பாக்ட் என்ற கேம் வேறு ரகம். 2020 செப்டம்பரில் வந்தபோது, கன்சோலில் காசு கொடுத்து ஆட வேண்டிய அழகை இலவசமாகப் போனில் கொடுத்துவிட்டார்கள் என்று உலகமே வாயைப் பிளந்தது. நியாயமான பாராட்டு, அந்தப் புல்வெளியில் காற்று அடிப்பதைப் பார்த்தால் அவலாஞ்சிப் பக்கம் போய் நின்றது போலிருக்கும். ஆனால் போனில் அது பிடிக்கும் இடம் இப்போது 20 ஜிபியைத் தாண்டும். நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக் போட்டவர் வேறெதையும் தொடாமல் இருந்தால் இறக்கி முடிக்க இரண்டு வாரம். இதையும் எந்த விமர்சனத்திலும் நான் படித்ததில்லை.

அதன் உள்ளே இருக்கும் காச்சா முறைதான் விவகாரம். ஜப்பானில் நாணயம் போட்டுத் திருகினால் உருண்டை விழும் பொம்மை இயந்திரத்தின் பெயரிலிருந்து வந்த சொல். நம் ஊரில் பெட்டிக்கடையில் தொங்கிய லக்கி பிரைஸ் அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். கெஞ்சினில் ஒரு தடவை இழுக்க 160 கல் (கேமுக்குள் செல்லும் காசு). ஐந்து நட்சத்திர ஆள், அதாவது மிக அரிதான பாத்திரம், விழும் வாய்ப்பு 0.6 சதவீதம். தொடர்ந்து விழாவிட்டால் 90-வது தடவை கட்டாயம் விழும். அதுவும் நாம் விரும்பிய ஆளாக இருக்க ஏறக்குறையப் பாதிக்குப் பாதி வாய்ப்புதான். தவறினால் அடுத்த 90-க்குள் உறுதி. ஆக மோசமான அதிர்ஷ்டக்காரருக்கு 180 தடவை, 28,800 கல். பெட்டிக்கடை அட்டையில் மொத்தம் எத்தனை சீட்டு இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியும். இங்கே கணக்கு நாலு ஸ்க்ரீனுக்குப் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு ஆணையம் இதே விஷயத்துக்காக அந்த கேமின் அமெரிக்க வெளியீட்டாளரை 2 கோடி டாலர் கட்ட வைத்தது. 16 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோர் சம்மதமில்லாமல் இந்தப் பெட்டிகளை விற்கவும் கூடாது. ஜப்பானே 2012-ல் காச்சாவின் ஒரு வகையை நிறுத்திவிட்டது. அழகைப் பற்றிய பாராட்டும் இந்தக் கணக்கும் ஒரே கட்டுரையில் சேர்ந்து வருவது அபூர்வம்.

இது எனக்கு எப்படி உறைத்தது என்றால், போன ஜனவரியில் ஊட்டியில் அக்கா வீட்டில். வெளியே புல்லெல்லாம் உறைபனி பூத்து வெள்ளையாகக் கிடந்தது. ஒன்பது வயது மருமகன் கம்பளிக்குள் சுருண்டு அம்மாவின் போனில் ஏதோ ஒரு கோட்டை கட்டும் கேம் ஆடிக்கொண்டிருந்தான். பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே அச்சுதான். மெஸேஜ் பெட்டியைத் திறந்து பார்த்த அக்காவுக்குப் பகீரென்றது. 29 ரூபாய், 89 ரூபாய், மறுபடி 89. ஒரு வாரத்தில் 2,340 ரூபாய். அம்மா பின் நம்பர் அடிப்பதைப் பார்த்தே மனப்பாடம் செய்திருக்கிறான். திட்டப்போன நான் திரையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். தங்கப் பெட்டி ஒன்று பளபளக்கிறது; மேலே “80% தள்ளுபடி”; கீழே சிவப்பில் 14:59, 14:58, 14:57 என்று நேரம் ஓடுகிறது. “மாமா, டைம் முடிஞ்சா போயிடும் மாமா” என்று அழுகிற குரலில் சொல்கிறான். நேரம் முடியும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். போய்விட்டது. மறுநாள் காலை அதே பெட்டி, அதே தள்ளுபடி, அதே 14:59.

இதற்குச் சட்டத்தில் பெயரே இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறையில் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டது. பொய் அவசரம் அதில் ஒன்று. ரூபாய் நேராகப் பெட்டியாக மாறாது என்பதையும் கவனிக்க வேண்டும். ரூபாய் கல்லாகும், கல் சாவியாகும், சாவி பெட்டியைத் திறக்கும். மூன்று கை மாறியதும் 89 ரூபாய் என்பது மனதிலிருந்து நழுவிவிடும். விமர்சகர்கள் கதையையும் இசையையும் எடைபோடும் அக்கறையில் கால்வாசியை இந்தக் கடைப் பக்கத்துக்குக் கொடுத்தாலே போதும். என்னைக் கேட்டால் இலவச கேமில் வடிவமைப்பாளர் அதிகம் உழைத்த இடமே அதுதான். விளம்பரங்கள் தனிக் கதை. ஊசியை உருவி ஆளைக் காப்பாற்றும் புதிர் என்று காட்டிவிட்டு உள்ளே வண்ணக் காய்களை வரிசை சேர்க்கச் சொன்ன ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் விளம்பரங்களை 2020-லேயே பிரிட்டன் தடுத்தது. அந்தப் பாணி இன்னும் எல்லா இடத்திலும் ஓடுகிறது.

குஞ்சப்பனை வளைவுகளில் நான் ஆடுவது பலாட்ரோ. கனடாவில் லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் ஒருவர் ஒற்றை ஆளாகச் செய்தது. 2024 பிப்ரவரியில் கணினிக்கும் கன்சோலுக்கும், செப்டம்பரில் போனுக்கும் வந்தது. அந்த ஆண்டு தி கேம் அவார்ட்ஸில் சிறந்த மொபைல் கேம் விருதும் அதற்குத்தான். ஜோடி போன்ற போக்கர் சீட்டுச் சேர்க்கைகளை வைத்து மதிப்பெண் சேர்க்க வேண்டும். இரண்டு ராஜா போட்டால் ஜோடிக்கு 10, ராஜாவுக்குப் பத்துப் பத்து, ஆக 30, பெருக்கல் 2, மொத்தம் 60. முதல் கட்டத்தைத் தாண்ட 300 வேண்டும், கையில் இருப்பது நாலு வாய்ப்பு. நாலு ஜோடி போட்டாலும் போதாது. அங்கேதான் ஜோக்கர்கள் வருகிறார்கள், 150 வகை. ஒவ்வொருவனும் கணக்கை ஒவ்வொரு விதமாக வளைப்பான். காசு ஒருமுறை கொடுத்தால் சரி. உள்ளே கடை உண்டு, ஆனால் அதில் செல்லுவது ஆட்டக் காசு மட்டும். டவர் தேவையில்லை. குறை சொல்வதென்றால், பஸ் குலுங்கும்போது அந்தப் பொடி எழுத்தைப் படித்தால் எனக்கு மூன்றாவது வளைவிலேயே வாந்தி வருகிறது.

பெரியம்மா ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, “சீட்டாடுறியாடா?” என்றார். அந்தக் கேள்விக்குள் என்ன பயம் இருக்கிறதென்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டாம். ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டுச் செத்தவர்களின் செய்தி படித்தவர் அவர். அதைத் தடுக்க மாநிலச் சட்டம் 2022-ல் போட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றைத் தடை செய்ய முடியாது என்றது உயர் நீதிமன்றம். பிறகு 2025-ல் நள்ளிரவு முதல் அதிகாலை 5 மணி வரை காசு ஆட்டம் கூடாது என்ற விதி வந்து, அது செல்லும் என்று தீர்ப்பும் ஆனது. அந்த ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டமே ஆன்லைன் காசு ஆட்டம் மொத்தத்தையும் நிறுத்தியது. பெரியம்மா பார்த்தது சீட்டின் படத்தை. ஐரோப்பாவில் வயது முத்திரை குத்தும் அமைப்பும் அதையேதான் பார்த்தது. பலாட்ரோவுக்கு 18 வயது என்று போட்டார்கள். காசு கொடுத்து வீரர் அட்டைப் பொட்டலம் பிரிக்கும் கால்பந்து கேமுக்கு 3 வயது! பலாட்ரோவைச் செய்தவர் வெளிப்படையாகக் கிண்டலடித்தார், 2025 பிப்ரவரியில் அதன் வயதை 12-ஆகக் குறைத்தார்கள். சீட்டு இருந்தால் சூது, கோட்டை இருந்தால் குழந்தை விளையாட்டு என்று முகத்தைப் பார்த்து முடிவு செய்வதில் என் பெரியம்மாவுக்கும் அந்த அமைப்புக்கும் வித்தியாசமில்லை. பெரியம்மாவாவது கேட்டுவிட்டு முடிவு செய்தார்.

தெருவில் நடந்து போய்ப் போனில் கற்பனைப் பிராணிகளைப் பிடிக்கும் போக்கிமான் கோ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2016-ல் வந்தது முதல் இருக்கும் குறை, கிராமத்துக்காரனுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது என்பது. ஆட்டக்காரர்கள் குறித்துக்கொடுத்த சிலை, கோயில், கட்டடங்கள்தான் அதன் நிறுத்தங்கள், ஆட்டத்துக்கு வேண்டிய பொருள் கிடைக்கும் இடங்கள். ஆள் கூட்டம் உள்ள ஊரில் அவை நெருக்கமாக இருக்கும், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே மேப் பச்சையாக வெறிச்சோடிக் கிடக்கும். போனைப் பார்த்தபடி நடக்கச் சொல்வது நடைக்கு நல்லது என்று பாராட்டியவர்கள் எங்கள் பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்கு நடந்து பார்க்க வேண்டும். காட்டெருமை திரையில் வராது.

கையில் பிடித்து ஆடும் தனிக் கருவிகளுக்கு வந்தால், நின்டெண்டோ தன் ஸ்விட்சை இந்தியாவில் நேரடியாக விற்பதே இல்லை; ஸ்டீம் டெக்கும் அப்படித்தான். வெளியிலிருந்து வந்ததைக் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும். இங்கே முறைப்படி வந்த ஆசுஸின் ராக் அல்லை 2023-ல் 69,990 ரூபாய். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-க்கு விமர்சகர்கள் சொன்ன குறைகள் மூன்று: திரை ஓஎல்இடி இல்லை, பேட்டரி கேமைப் பொறுத்து இரண்டு மணி நேரத்திலேயே தீரலாம், மரியோ கார்ட் வேர்ல்டின் விலை 80 டாலர். எனக்கு நாலாவதுதான் உறுத்துகிறது. சில கேம்களின் அட்டைக்குள் கேமே இருக்காது, சாவி மட்டும் இருக்கும். செருகிவிட்டு முழுவதையும் நெட்டில் இறக்க வேண்டும். கார்ட்ரிட்ஜ் என்ற பொருளின் ஒரே பெருமை, செருகினால் ஓடும் என்பது. தென்மேற்குப் பருவத்தில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்டும் நெட்டும் இல்லாமல் கிடக்கும் ஊரில் அந்தப் பெருமைக்கு மதிப்பு உண்டு.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. போன் கொதிக்கிறது, கொதித்ததும் வேகம் குறைகிறது என்று எல்லா விமர்சனத்திலும் ஒரு புலம்பல் இருக்கும். டிசம்பர் ஊட்டியில் அந்தக் கொதிப்பு கைக்கு இதம், வேகமும் குறைவதில்லை. ஆனால் லித்தியம் பேட்டரியின் உள்தடை குளிரில் ஏறும். 20 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த பழைய போன் கனமான கேமைத் திறந்ததும் பொட்டென்று அணைந்துவிடும்.

ஸ்விட்சில் ஆடியதில் எனக்குப் பிடித்தது வெண்பா. 2023-ல் டொராண்டோவின் விசை கேம்ஸ் செய்தது. கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், சமைத்துக்கொண்டே நகரும் கதை. 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்ற குறையைப் பலர் சொன்னார்கள், எனக்கும் இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. ஆனால் வெளிநாட்டு விமர்சகர்கள் புதிர் என்று எழுதிய இடம் நமக்குப் புதிரே இல்லை. எழுத்து அழிந்த குறிப்பைப் பார்த்து இட்லித் தட்டை அடுக்க வேண்டும். ஆவி மேலே ஏற வழி விட வேண்டும் என்பது நம் வீட்டில் யாருக்குத் தெரியாது? பாதி நொடியில் அடுக்கிவிட்டு, இதற்கா இவ்வளவு யோசித்தார்கள் என்று சிரித்தேன். ஆடுகிறவர் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து புதிரின் கடினமே மாறிவிடுகிறது. பத்துக்கு ஏழு, எட்டு என்று போடும் எண் யாருடைய சமையலறையிலிருந்து வருகிறது?

இப்போதெல்லாம் எந்த கேமை இறக்கினாலும் முதலில் ஃப்ளைட் மோடில் போட்டுத் திறந்து பார்க்கிறேன். பலாட்ரோ திறக்கும். 2015-ல் வந்த ஆல்டோஸ் அட்வென்சர் திறக்கும், பனிமலையில் ஒரே விரலில் சறுக்கிக்கொண்டே போகலாம். வேம்பயர் சர்வைவர்ஸ் திறக்கும். போனில் இலவசம், நாமாகக் கேட்டால் ஒழிய விளம்பரம் வராது. பிஜிஎம்ஐயும் கெஞ்சினும் வாசலிலேயே நின்றுவிடும்.

போன வாரம் அதே பையன் மறுபடி பக்கத்தில். டவர் போனதும் என் போனை நீட்டி ஆல்டோவைக் காட்டினேன். நாலு வளைவு ஆடினான், நன்றாகவே ஆடினான். திருப்பிக் கொடுத்துவிட்டான்.

“நல்லாத்தாங்ணா இருக்கு. ஆனா இதுல எங்க செட்டுப் பசங்க யாரும் இல்லீங்களே.”

மேட்டுப்பாளையம் நெருங்கியதும் அவன் போன் வரிசையாக நாலைந்து தடவை ‘டிங்’ என்றது. “எங்கடா போன?” என்று எழுதியிருந்தார்கள். அவன் ஏற்கெனவே குனிந்திருந்தான்.